ஏறும்போது மூச்சு, இறங்கும்போது சிரிப்பு

பழைய சாமான் கடைச் சைக்கிள்களில் பிறந்து, இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக்ஸ் மேடை ஏறிய விளையாட்டு மலைச் சைக்கிள் ஓட்டம். கருவியும் காசும் எங்கேயோ போய்விட்டன. சந்தோஷம் மட்டும் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது: புழுதிப் பாதையில், சொந்த மூச்சில், கூட வருகிறவர்களிடத்தில்.

சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பாலத்தைத் தாண்டினால் மாரின் கவுண்டி. அங்கே ஃபேர்ஃபேக்ஸ் என்கிற சின்ன ஊரை ஒட்டி பைன் மலை இருக்கிறது. 1976 அக்டோபர் 21 அன்று அந்த மலைமேல் சில இளைஞர்கள் சைக்கிள்களோடு நின்றார்கள். காட்டுத் தீயை அணைக்க வண்டிகள் போய்வர வெட்டிய மண் சாலை ஒன்று அங்கிருந்து கீழே இறங்குகிறது. நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் சரிவு. வழியெல்லாம் உருளும் கற்கள், மழைநீர் அரித்த பள்ளங்கள், மறுபக்கம் தெரியாத வளைவுகள். நம்மில் யார் வேகம் என்று நண்பர்களுக்குள் ஓடிய வாய்ச்சண்டையை அன்றைக்குத் தீர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகக் கிளம்பினார்கள். வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். விழாமல் கீழே வந்து சேர்ந்தவரும் அவர் ஒருவர்தான்.

அவர்கள் ஓட்டியவை 1930, 40களில் வந்த ஷ்வின் எக்செல்சியர் போன்ற சைக்கிள்கள். வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்கள் ஓட்டித் தேய்த்தவை. கனத்த இரும்பு ஃபிரேம், தடித்த பலூன் டயர், ஒரே கியர். இருபது கிலோவைத் தாண்டும் எடை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். அவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் அதை மிதித்துக்கொண்டே வந்தால் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்கலாம். அந்த வேலையை வைத்தே பாதைக்கு ரீபேக் என்று பெயர் விழுந்தது.

ரீபேக்கில் மொத்தம் 24 பந்தயங்கள் நடந்தன. அவற்றை நடத்தியவர் சார்லி கெல்லி. கேரி ஃபிஷர் அந்தச் சாலையை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டருக்கும் மேல். பெண்களில் அதிவேகம் வெண்டி கிராக். நேரம் 5 நிமிடம் 27 விநாடி. அந்த நாட்களைக் கேமராவில் பிடித்து வைத்தவரும் அவர்தான். இன்றைக்கு இந்த விளையாட்டின் முதல் பக்கங்களை நாம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால் அது அவர் படங்களால்.

இவர்கள் யாரும் புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் அல்ல. காட்டுக்குள் சைக்கிள் விடுவதும் அவர்களோடு தொடங்கியதல்ல. 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பினப் படைவீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கிலோமீட்டரை 41 நாளில் சைக்கிளிலேயே கடந்தார்கள். அவர்கள் போனது சேறும் மலையும் மணலும். 1955இல் இங்கிலாந்தில் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்கிற சங்கம் தொடங்கி, தார் ரோடு இல்லாத குன்றுகளில் சைக்கிளோடு அலைந்தது. மாரின் இளைஞர்கள் புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. வேலைக்காகவும் இல்லாமல், ஊர் போய்ச் சேரவும் இல்லாமல், இறங்குவதற்காகவே ஏறினார்கள். விளையாட்டு என்பது அதுதானே. மலைச் சைக்கிளின் இன்பத்தை எங்கே தேட வேண்டும் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஏற்றத்தில் என்ன சுகம்?

முதலில் மேலே போவதே பெரும்பாடாக இருந்தது. ஒற்றைக் கியர் சைக்கிளை மலை உச்சிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும், அல்லது யாருடைய லாரியிலாவது ஏற்ற வேண்டும். 1974 டிசம்பரில் மாரினில் நடந்த ஒரு போட்டிக்குத் தெற்கேயுள்ள கூப்பர்டினோவிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுடைய தடித்த டயர் சைக்கிள்களில் கியர் மாற்றும் டீரெய்லர் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. சீக்கிரமே கேரி ஃபிஷரின் சைக்கிளிலும் கியர் ஏறியது. ஏறுவதும் விளையாட்டின் பாதியானது அப்போதிருந்துதான்.

இன்றைய மலைச் சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம், பெரும்பாலும் 32 பல். பின்னால் பன்னிரண்டு, அவற்றில் பெரியது 51 பல். அந்தக் கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் ஒன்றரை மீட்டர்கூட நகராது. நடக்கிற வேகம்தான். ஆனால் நடக்கவே மூச்சு வாங்கும் ஏற்றத்தில் உட்கார்ந்தபடி ஏறிவிடலாம். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை மடக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். எழுந்து நின்றால் பின்சக்கரம் புழுதியில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே விரலளவு இடத்தில் உடம்பை நிறுத்திக்கொள்ளக் கற்பதுதான் ஏற்றத்தின் வித்தை.

அந்த மெதுவான வேகத்தில்தான் மலை கண்ணில் படுகிறது. மாரினின் பெரிய மலை டமல்பையஸ். உயரம் 784 மீட்டர். கோடையில் பசிபிக் கடலிலிருந்து எழும் மூடுபனி அதன் இடுப்புவரை நிற்கும். கீழ்ச் சரிவில் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே குளிர்ந்த இருட்டு. மேலே போகப் போக வெயிலில் காய்ந்த புல். நடுவில் கலிபோர்னிய பே மரங்கள் வரும். அதன் இலை நசுங்கினால் எழும் காரமான வாசனை மூக்கில் ஏறும். காரில் போகிறவருக்கு இந்த வாசனை கிடைக்காது. நடப்பவருக்குக் கிடைக்கும், ஆனால் ஒரே காலையில் பனிக்குள்ளிருந்து புல்வெளிக்கும் அங்கிருந்து மறுபக்கப் பள்ளத்தாக்குக்கும் போய்வரச் சைக்கிள் வேண்டும். மலையின் வாசனையும் மலையின் நீளமும் ஒருசேரக் கைக்கு வருவது இந்த வேகத்தில்தான்.

மூச்சு முட்டுவதும் சுகத்தில் சேர்ந்ததுதான். அலுவலகத்திலிருந்து சுமந்துவந்த பேச்செல்லாம் முதல் ஏற்றத்திலேயே வாயை மூடிக்கொள்ளும். உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, அடுத்த மிதி. உச்சியில் காலை ஊன்றி நிற்கும்போது, இந்த உயரம் யாரும் கொடுத்ததில்லை, நானே மிதித்து வாங்கியது என்கிற நிறைவு வரும். அதற்குப் பதக்கம் தேவையில்லை.

இறக்கம் சொல்லித்தரும் பாடம்

பார்வை போகிற பக்கம்தான் சைக்கிள் போகும். மலைச் சைக்கிள் பழக்குகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே சொல்வது இதைத்தான். கல்லையே பார்த்தால் கல்லில்தான் மோதுவோம். கல்லுக்குப் பக்கத்திலுள்ள வழியைப் பார்த்தால் அந்த வழியில் போவோம். கண் எப்போதும் முன்சக்கரத்துக்கு நேர் கீழே அல்லாமல் பல அடி தள்ளி, அடுத்த வளைவின் வாயில் இருக்க வேண்டும். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, எடை முழுவதும் பாதத்தில் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் தோளில் அடிக்கும். பிடி தளர்ந்தால் சைக்கிள் கீழே துள்ளிக்கொண்டு போகும். மேலே உடம்பு அமைதியாக வரும்.

இதற்கு டயரும் ஒத்துழைக்கிறது. ரேஸ் சைக்கிள் டயரில் 80, 100 பவுண்டு காற்று கல்லாய் இறுகியிருக்கும். மலைச் சைக்கிள் டயரில் 20 முதல் 30 பவுண்டுதான். காற்று குறைவதால் டயர் கல்மேல் தாவாமல், உள்ளங்கை விரிந்து பந்தைப் பிடிப்பதுபோல் கல்லை அணைத்துக்கொண்டு போகிறது. 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் முன் ஃபோர்க்கில் அதிர்ச்சி தாங்கும் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே 1984இல், மாரின் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சல் என்பவரும் ஹைட்-ரைட் என்கிற சின்ன ஸ்பிரிங் ஒன்றை விற்றார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சீட்டைத் தாழ்த்தலாம், உயர்த்தலாம். இன்றைக்கு ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானைத் தட்டினால் சீட் இறங்குகிறதே, அதற்கு மூத்தது அந்த ஸ்பிரிங்.

இவ்வளவு கருவியும் சேர்ந்து ஓட்டுபவருக்கு ஒன்றைத்தான் தருகின்றன: அந்த நிமிடத்திலேயே முழுதாக இருக்கும் வாய்ப்பு. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் வேர் வருகிறது, வளைவு வருகிறது, ஈரப் பாறை வருகிறது. நேற்றைய கவலைக்கும் நாளைய கணக்குக்கும் அங்கே இடமே இல்லை. கீழே வந்து நிற்கும்போது பெரியவர்கள்கூட வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்கலாம். வயது இருபதானாலும் அறுபதானாலும் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். குரங்குப் பெடல் போட்ட நாளில், பின்னால் பிடித்து ஓடிவந்த அண்ணன் எப்போதோ கையை விட்டுவிட்டார் என்று தெரிந்த நொடியில் நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு.

கூட வருகிறவர்கள்

கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் என்கிற பழைய சுரங்க ஊர் இருக்கிறது. 1976இல் பக்கத்து ஊரான ஆஸ்பெனிலிருந்து சிலர் மோட்டார் சைக்கிளில் பேர்ல் கணவாயைத் தாண்டி அங்கே வந்து நின்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ரோஷம் வந்தது. பதிலுக்கு அந்த செப்டம்பரில் தங்கள் பழைய சைக்கிள்களிலேயே அதே கணவாய் வழியாக ஆஸ்பெனுக்குக் கிளம்பினார்கள். கணவாயின் உயரம் சுமார் 3,870 மீட்டர். தள்ளினார்கள், மிதித்தார்கள், வழியில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். 1978இல் அந்தப் பயணத்தைக் கேள்விப்பட்டு கெல்லி, ஃபிஷர், பிரீஸ், வெண்டி கிராக் எல்லோரும் மாரினிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பைத்தியத்தைப் பிடித்திருந்த இரண்டு ஊர்கள் மலைமேல் சந்தித்தன.

இந்த விளையாட்டில் தோழமை இருக்கும் இடமே தனி. ஏறும்போது அவரவர் வேகம், அவரவர் மூச்சு. ஆனால் எல்லா உச்சியிலும் எல்லாப் பிரிவிலும் முன்னே போனவர்கள் கடைசி ஆள் வரும்வரை நிற்பார்கள். பஞ்சரானால் டியூபும் பம்பும் யார் பையிலாவது இருக்கும். செயின் அறுந்தால் கோர்த்துக் கொடுக்க ஒருவர் உட்காருவார். எந்த வழியில் இறங்கினால் விழமாட்டோம் என்று, விழுந்தவர்தான் மற்றவருக்குச் சொல்லித் தருவார்.

1980இல் சார்லி கெல்லியும் டெனிஸ் கராமாக்னோவும் ஃபேட் டயர் ஃப்ளையர் என்கிற பத்திரிகையைத் தொடங்கினார்கள். மலைச் சைக்கிளுக்கென்றே வந்த முதல் பத்திரிகை அது. ஜாக்கி ஃபெலன் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு அமெரிக்காவின் தேசிய வாகையர். ஆண்களே நிறைந்திருந்த பாதைகளில் புதிதாக வரும் பெண்களுக்குப் பயம் தெளிவிக்க வேண்டும் என்று 1987இல் அவர் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயரிலேயே மலைச் சைக்கிளும் உண்டு, தேநீரும் உண்டு. போட்டியில் ஜெயித்தவர் தன் கலையை மற்றவர்களுக்குக் கொடுக்க முன்வந்தபோது முதலில் வைத்தது ஒரு கோப்பைத் தேநீர். வந்தவர்கள் தயங்காமல் உட்கார்ந்தார்கள்.

பணமும் பதக்கமும்

1977இல் ஜோ பிரீஸ் குரோம்-மாலி எஃகுக் குழாய்களைக் கொண்டு, மலைக்கென்றே ஒரு ஃபிரேமைப் புதிதாகச் செய்தார். பழைய சைக்கிளை ஒட்டுப்போட்டு ஓட்டிய காலம் அதோடு முடிந்தது. பிரீஸர் என்ற அந்தச் சைக்கிள் இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களைக் கொண்டு மவுண்டன்பைக்ஸ் என்ற கடையைத் திறந்தார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற சைக்கிளை 750 டாலருக்கு இறக்கியது. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டதால், நண்பர் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் மலை திறந்தது.

1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. நெட் ஓவரெண்டும் ஜூலி ஃபுர்டாடோவும் வென்றார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலைச் சைக்கிள் சேர்ந்தது. நெதர்லாந்தின் பார்ட் பிரென்டியன்ஸ், இத்தாலியின் பாவோலா பெட்சோ முதல் தங்கங்களை வாங்கினார்கள். ரீபேக்கின் முதல் பந்தயத்திலிருந்து எண்ணினால் இருபது வருடம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் எலான்கூர் குன்றில் நடந்த போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் குணம் புரிந்திருக்கும். பிரிட்டனின் டாம் பிட்காக்குக்குப் பந்தயத்தின் நடுவே டயர் பஞ்சர். சக்கரம் மாற்றி வருவதற்குள் முன்னணியில் இருந்தவர்கள் அரை நிமிடத்துக்கும் மேல் போய்விட்டார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியைக் கடந்து தங்கம் வென்றார். முந்தைய நாள் அதே குன்றில் பெண்கள் தங்கம் பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரேவோவுக்கு.

இன்றைக்குக் கார்பன் ஃபிரேம் சைக்கிள் பத்தாயிரம் டாலரைத் தாண்டி விற்கிறது. நல்ல சைக்கிள் நல்லதுதான்; யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாதையில் சந்தோஷம் விலைச்சீட்டைப் பார்த்துப் பங்கிடப்படுவதில்லை. விலை உயர்ந்த சைக்கிள் பள்ளத்தை மறைக்கும், வேகத்தைக் கூட்டும். அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன் என்ற மகிழ்ச்சியைக் கூட்டித் தர அதனால் ஆகாது. அது ஓட்டுபவரின் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவிலுள்ள தூரத்திலிருந்து வருவது.

பாதை யாருடையது?

இன்பம் கூடினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் சண்டை வரும். நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் அஞ்சினார்கள். வளைவில் திடீரென்று வந்து விழும் சைக்கிளுக்கு யார்தான் அஞ்சமாட்டார்கள்? 1984இல் அமெரிக்க வனத்துறை, சட்டப்படி காக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் சைக்கிளைத் தடை செய்தது. மலைச் சைக்கிள் பிறந்த மாரினில், டமல்பையஸ் மலையிலேயே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் பல பத்தாண்டுகளாகச் சைக்கிளுக்கு மூடியே இருந்தன. அகலமான தீயணைப்புச் சாலைகளில் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது; யாரையாவது கடக்கும்போது எட்டுதான்.

இதற்கு ஓட்டுபவர்கள் தேடிய பதில் அழகானது. 1988இல் கலிபோர்னியச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தை உருவாக்கின. திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடு, மிருகத்தை மிரட்டாதே, தடம் கெடாமல் போ என்று விதி செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்தார்கள்.

பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மலைச்சரிவில் நேர் கீழாக வெட்டிய பாதை முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். அதனால் நல்ல பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவின் குறுக்கே போகும். அதன் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சராசரி நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் நல்லது. பாதையின் வெளி ஓரம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும், தண்ணீர் குறுக்கே வழிந்து போக. நடுநடுவே பாதை சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும், தண்ணீர் அங்கே வெளியேற. இந்த ஏற்ற இறக்கம்தான் ஓட்டுபவருக்குத் தாலாட்டும். தண்ணீருக்காகச் செய்த வளைவில் சைக்கிள் மிதிக்காமலே மிதந்து போகிறது. மண்ணுக்கு நல்லது எதுவோ அதுவே ஓட்டத்துக்கும் இன்பம் என்பதை மலை இப்படிக் காட்டுகிறது.

1994இல் மொன்டானாவில் நடந்த ஓர் ஆய்வில், குதிரைக் குளம்பும் நடப்பவர் காலும் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தது தெரிந்தது. அதற்காகச் சைக்கிளுக்கு எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. ஈரம் காயாத பாதையில் ஓட்டி ஆழமாகத் தடம் போட்டால், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். காயும்வரை காத்திருப்பது நல்ல ஓட்டுநருக்கு அடையாளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி, விழுந்த மரத்தை அறுத்து, அரித்த இடத்தில் கல் அடுக்கும் சங்கங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. தன் கையால் வெட்டிய வளைவில் இறங்குவது தனி ஆனந்தம்.

நம் மலைகள்

இந்தியாவும் இந்த வரைபடத்தில் ஏறிவிட்டது. சிம்லாவில் 2005இல் பல நாள் இமயமலைப் பந்தயம் தொடங்கியது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் செம்மண்ணும் பாறையும் இந்த ஆட்டத்துக்கு ஏற்றவைதாம். ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. யானை நடக்கும் தடத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. எஸ்டேட் பாதையானால் எஸ்டேட்காரரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மாரின் தந்த பாடமும் இதுதான்: கேட்டுப் பெற்ற பாதைதான் நிலைக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய மலைகூட வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மேடு, ஏரிக்கரை, வண்டித்தடம் போதும். தலைக்கவசமும் கையுறையும் கட்டாயம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். இறங்கும்போது முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காமல் இரண்டையும் ஒற்றை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஒரே பாதையில் மறுபடி மறுபடி ஓட்டுங்கள். முதல் நாள் இறங்கித் தள்ளிய இடத்தை ஒருநாள் மிதித்தே கடப்பீர்கள். அந்த நாள் உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கொடுக்கலாம் என்பதற்கு நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாட் ஃபிரிட்சிங்கர் என்ற கணக்கு வாத்தியார் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களைச் சேர்த்து ஒரு மலைச் சைக்கிள் அணி அமைத்தார். 2001இல் அது வட கலிபோர்னியப் பள்ளிகளின் லீக் ஆனது. 2009இல் நைக்கா என்ற தேசிய அமைப்பாக வளர்ந்து, இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடக்கிறது. அங்கே மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் ஓரமாக உட்காருவதில்லை. வேகமாக ஓட்டும் பிள்ளையும் ஓட்டும், கடைசியாக வரும் பிள்ளையும் ஓட்டும். பையன்கள் பெற்ற புள்ளியும் பெண்கள் பெற்ற புள்ளியும் ஒரே அணிக்குச் சேரும். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் பதினோரு பேர் ஆட, வகுப்பின் மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள். எல்லோரும் ஆடக்கூடிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு மேடும், அனுமதி பெற்ற ஒரு பாதையும், கூடப் போக ஓர் ஆசிரியரும். இந்த மூன்றையும் தேடிக் கொடுக்கும் முதல் பள்ளி நம்முடையதாக இருக்கட்டும்.